நான்கு முறை கைமாறிய முடிச்சூர் வீடு

வீடு, மனை, பத்திரம் தொடர்பாக வாசகர்கள் அனுப்பும் கேள்விகளுக்கு இப்பகுதியில் பதில் அளித்து வருகிறோம். கும்பகோணத்து வாசகி ஒருவர், தாம் வாங்க நினைக்கும் வீட்டின் பத்திர நகல்கள் அனைத்தையும் தாமே படித்துக் குறிப்பெடுத்து நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். இந்த இதழில் அவருடைய கேள்விகளுக்கே அதிக இடம் தருகிறோம். அதே வட்டாரத்திலிருந்து வந்த வேறு சில கேள்விகள் பின்னால் உள்ளன.

கேள்வி: என் மகன் மறைமலைநகரில் வேலை செய்கிறான். அவனுக்காக மேற்குத் தாம்பரத்தை அடுத்த முடிச்சூரில், 1,200 சதுர அடி மனையில் உள்ள ஒரு தனி வீட்டை 72 லட்ச ரூபாய்க்குப் பேசியிருக்கிறோம். 1988இல் வெறும் மனையாக விற்கப்பட்ட இடம், 2004இல் வீட்டோடு கைமாறி, 2013இலும் 2017 நவம்பரிலும் மீண்டும் விற்கப்பட்டிருக்கிறது. 2013 பத்திரத்தில் மனைக்கு 18 லட்சமும் கட்டடத்துக்கு 7 லட்சமும் காட்டியிருக்கிறார்கள். 2017 பத்திரத்திலோ மனையின் மதிப்பு 12 லட்சத்து 6 ஆயிரம்தான். நான்கே ஆண்டில் விலை இறங்கிய வீடு ராசியில்லாத வீடு என்கிறார் என் மாமியார். 2015 வெள்ளத்தால்தான் விலை விழுந்தது என்கிறான் மகன். யார் சொல்வது சரி?
— வாசகி, கும்பகோணம்

பதில்: அம்மா, முதலில் ஒரு வகுத்தல் கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 லட்சத்தை 1,200 சதுர அடியால் வகுத்தால் சதுர அடிக்கு 1,500 ரூபாய் வருகிறது. 12,06,000 ரூபாயை அவ்வாறே வகுத்தால் 1,005 ரூபாய். 1,500இலிருந்து 33 விழுக்காட்டைக் கழித்தால் பைசா பிசகாமல் 1,005 வருவதைக் காண்பீர்கள். தமிழக அரசு 2017 ஜூன் மாதம் மாநிலம் முழுவதும் நிலத்தின் வழிகாட்டி மதிப்பை, அதாவது பத்திரப் பதிவுக்காக அரசு நிர்ணயிக்கும் மதிப்பை, 33 விழுக்காடு குறைத்து, அதற்கு ஈடாகப் பதிவுக் கட்டணத்தை 1 விழுக்காட்டிலிருந்து 4 விழுக்காடாக உயர்த்தியது. ஆகவே 2013, 2017 ஆகிய இரண்டு பத்திரங்களுமே வழிகாட்டி மதிப்பை வைத்து எழுதப்பட்டவை. மெய்யாகக் கைமாறிய தொகையை இரண்டும் சொல்லவில்லை. வீட்டின் ராசிக்கு இதில் பங்கில்லை. வெள்ளத்துக்குப் பங்கு இருந்திருக்கலாம், ஆனால் அதை இந்தப் பத்திரத்தைக் கொண்டு சொல்ல முடியாது.

வழிகாட்டி மதிப்பின் கதை அத்துடன் முடியவில்லை. 2023 ஏப்ரலில் பழைய மதிப்பை மீண்டும் கொண்டுவந்து, பதிவுக் கட்டணத்தை 2 விழுக்காடாகக் குறைத்தார்கள். அந்த மதிப்பேற்றம் உயர் நீதிமன்றம் வரை சென்று, உரிய நடைமுறைக்குப் பின் 2024 ஜூலையில் புதிய மதிப்புகள் நடப்புக்கு வந்தன. புறநகர் வீடொன்றின் விற்பனை வரலாற்றைப் பத்திரத் தொகைகளை மட்டும் வரிசையாக எழுதிப் பார்ப்பவர், பெரும்பாலும் அரசாணைகளின் வரலாற்றைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். "நான் இத்தனை லட்சத்துக்கு வாங்கினேன்" என்று விற்பவர் சொல்வதற்கும், "பத்திரத்தில் இவ்வளவுதானே இருக்கிறது" என்று வாங்குபவர் மடக்குவதற்கும் இந்தப் பின்னணியில் பெரிய மதிப்பில்லை.

தொகையைவிடத் தேதிகளைக் கவனியுங்கள் என்பதே என் ஆலோசனை. 1988இல் மனை வாங்கியவர் 16 ஆண்டு வைத்திருந்தார். அடுத்தவர் 9 ஆண்டு. 2013இல் வாங்கியவரோ நான்கே ஆண்டில் விற்றுவிட்டார், அந்த நான்கு ஆண்டுக்குள் 2015 டிசம்பர் அடங்கியிருக்கிறது. அவர் பணி மாற்றத்தாலோ குடும்பக் காரணத்தாலோ விற்றிருக்கலாம். எனினும் தெருவில் நீங்கள் விசாரிக்க வேண்டியது அவரைப் பற்றித்தான்: ஏன் போனார், 2015இல் அந்த வீட்டுக்குள் தண்ணீர் எவ்வளவு உயரம் நின்றது, அதன் பிறகு அங்கேயே குடியிருந்தாரா அல்லது வாடகைக்கு விட்டுவிட்டாரா என்பதை அக்கம்பக்கத்தார் மறந்திருக்க மாட்டார்கள்.

கேள்வி: 1988 பத்திரத்தில் நிலத்துக்குச் சொந்தக்காரரான விவசாயி கையெழுத்திடவில்லை, அவருக்காகச் செயல்பட எழுத்தில் அதிகாரம் பெற்ற பொது அதிகார முகவர் என்று மனை விற்றவர்தான் கையெழுத்திட்டிருக்கிறார். சொத்தின் மீதான பதிவுகளைக் காட்டும் வில்லங்கச் சான்றில் 2013ஆம் ஆண்டு 30 லட்ச ரூபாய்க்கு ஒரு வங்கியில் உரிமை ஆவணங்களை ஒப்படைத்த பதிவு இருக்கிறது, ஆனால் கடன் தீர்த்த பதிவு எதுவும் இல்லை. பழைய பத்திரத்தில் செங்கல்பட்டு மாவட்டம் என்றும், 2004 முதல் 2017 வரையிலான மூன்றிலும் காஞ்சிபுரம் மாவட்டம் என்றும், இப்போது மீண்டும் செங்கல்பட்டு என்றும் வருகிறது. இவற்றால் சிக்கல் வருமா?
— அதே வாசகி

பதில்: கடைசியிலிருந்து தொடங்குகிறேன். மாவட்டப் பெயர் மாறியதில் தவறேதும் இல்லை. பழைய செங்கல்பட்டு மாவட்டம் 1997இல் காஞ்சிபுரம், திருவள்ளூர் என்று பிரிந்தது. 2019 நவம்பரில் காஞ்சிபுரத்திலிருந்து செங்கல்பட்டு தனி மாவட்டமானது. வீடு நின்ற இடத்திலேயே நிற்க, முகவரி மட்டும் ஊர்வலம் போயிருக்கிறது. புல எண்ணும் (சர்வே எண்) உட்பிரிவும் நான்கு எல்லைகளும் எல்லாப் பத்திரங்களிலும் தொடர்ச்சியாக ஒத்துப்போகின்றனவா என்பதையே பார்க்க வேண்டும். உட்பிரிவு எண் மாறியிருந்தால், எந்த எண் எதுவாக மாறியது என்பதற்கு வருவாய்த் துறைப் பதிவு இருக்க வேண்டும்.

வங்கிப் பதிவு உடனடியாகத் தீர்க்க வேண்டிய விஷயம். அந்த 30 லட்சம் உங்களுக்கு ஒரு தகவலையும் தருகிறது. மனையும் கட்டடமும் சேர்ந்து 25 லட்சம் என்று பத்திரத்தில் எழுதப்பட்ட சொத்தின் மீது வங்கி 30 லட்சம் கொடுத்திருக்கிறது என்றால், மெய்யான விலை அதற்கும் மேலே இருந்தது என்று ஊகிக்கலாம். 2017இல் வீடு விற்கப்பட்டபோது கடன் தீர்ந்து மூலப் பத்திரங்கள் திரும்பி வந்திருக்கக்கூடும். கடன் தீர்ந்ததற்கு வங்கி தரும் ரசீது ஆவணத்தைப் பதிய மட்டும் மறந்திருப்பார்கள். அப்படி மறப்பவர்கள் ஏராளம். ஆனாலும் வில்லங்கச் சான்றைப் பொறுத்தவரை அந்தக் கடன் இன்றும் உயிரோடு இருக்கிறது. விற்பவர் அந்த வங்கியிடம் ரசீது ஆவணம் பெற்றுப் பதிவு செய்து கொடுத்த பிறகுதான் ஒப்பந்தம் என்று உறுதியாகச் சொல்லிவிடுங்கள்.

இங்கே ஒன்றைக் கூடுதலாகச் சொல்ல வேண்டும். பத்திரங்களை ஒப்படைத்துக் கடன் வாங்கும் ஒப்பந்தம், விற்பனை ஒப்பந்தம், சொத்து தொடர்பான பொது அதிகாரம் ஆகியவற்றைத் தமிழ்நாட்டில் கட்டாயம் பதிய வேண்டும் என்ற சட்டத் திருத்தம் 2012 டிசம்பரில்தான் நடப்புக்கு வந்தது. 2004இல் வாங்கியவர் ஏதேனும் வங்கியில் பத்திரத்தை வைத்துக் கடன் பெற்றிருந்தால் அது வில்லங்கச் சான்றில் தென்படாமலே போயிருக்கலாம். பதியப்படாத உயிலும், நிலுவையில் உள்ள பல வழக்குகளும் அதில் வருவதில்லை. எனவே நான்கு பத்திரங்களின் அசலையும் கண்ணால் பார்க்க வேண்டும். நகல் போதும், அசல் ஊரில் இருக்கிறது என்றால், ஊருக்குப் போய் எடுத்து வரச் சொல்லுங்கள்.

1988 பத்திரம்தான் எனக்கு அதிக யோசனை தருகிறது. அந்தக் காலத்தில் சென்னைப் புறநகர் முழுவதும் மனைப்பிரிவுகள் பெரும்பாலும் இப்படித்தான் உருவாயின. மனை வியாபாரி விவசாயியிடம் முன்பணம் கொடுத்து, தன் பெயருக்குக் கிரயம் செய்யாமல், பொது அதிகாரம் மட்டும் எழுதி வாங்கி, அதை வைத்தே மனைகளை விற்றுவிடுவார். இதில் தவறில்லை. ஆனால் அதிகாரம் கொடுத்தவர் இறந்துவிட்டால் பொதுவாக அந்த அதிகாரமும் முடிந்துவிடும். இப்போது பொது அதிகாரத்தை வைத்துப் பதியும்போது, அதைக் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று கேட்கிறார்கள். 1988இல் அப்படி யாரும் கேட்கவில்லை. ஆகவே பொது அதிகாரப் பத்திரத்தின் சான்றிட்ட நகலைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பெற்று, அதில் விற்கும் உரிமை தெளிவாகக் கொடுக்கப்பட்டிருக்கிறதா, உங்கள் புல எண் அதில் உள்ளதா, 1988இல் கிரயம் நடந்த நாளில் அந்த விவசாயி உயிரோடு இருந்தாரா என்ற மூன்றையும் உறுதி செய்யுங்கள். 35 ஆண்டுகளுக்கு மேல் தடையின்றி அனுபவத்தில் இருக்கும் வீடு என்பதால் இன்று ஒருவர் வந்து உரிமை கோருவது கடினம்தான். ஆனாலும் வங்கி வழக்கறிஞர் கட்டாயம் இதைக் கேட்பார்.

அதே 1988இல் நகர்ப்புற நில உச்சவரம்புச் சட்டமும் நடப்பில் இருந்தது. 1978இல் வந்து 1999இல் நீக்கப்பட்ட அந்தச் சட்டத்தின்கீழ் சென்னையைச் சுற்றியுள்ள கிராமங்களில் பல நிலங்கள் வரம்புக்கு மேற்பட்ட மிகை நிலமாக அரசால் எடுக்கப்பட்டன. அது தெரியாமலே அவற்றில் மனை வாங்கியவர்கள் ஆயிரக்கணக்கில் உண்டு. உங்கள் புல எண் அந்தப் பட்டியலில் இருந்ததா என்பதை, அதற்குரிய உதவி ஆணையர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தெரிந்துகொள்ளலாம்.

மனைப்பிரிவுக்குச் சென்னைப் பெருநகர் வளர்ச்சிக் குழுமத்தின் ஒப்புதல் இருக்கிறதா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. "பஞ்சாயத்து அப்ரூவல்" என்று சொல்லி ஊராட்சித் தலைவர் முத்திரையிட்ட வரைபடத்தைக் காட்டினால் அதை ஒப்புதலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒப்புதல் இல்லாத மனைகளைப் பதிவதற்கான தடைச் சட்டப்பிரிவு 2016 அக்டோபர் 20 அன்று நடப்புக்கு வந்தது. அதற்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் அரசு விதிகள் கொண்டுவந்தது. முந்தைய உரிமையாளர்கள் வரன்முறைக் கட்டணத்தைச் செலுத்தி ஆணை பெற்றிருந்தால் அந்த ஆணையை வாங்கிக்கொள்ளுங்கள். பெறாமல் இருந்தால், நாளை வீட்டை இடித்துக் கட்டத் திட்ட அனுமதி கேட்கும்போது அந்தச் சுமை உங்கள் தலையில் விழும். விலை பேசும்போதே அதைக் கணக்கில் சேர்த்துவிடுங்கள்.

கேள்வி: செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததால்தான் 2015இல் முடிச்சூர் மூழ்கியது, இனி அப்படி நடக்காது என்கிறார் தரகர். நம்பலாமா?
— அதே வாசகி

பதில்: செம்பரம்பாக்கத்தின் உபரிநீர் அடையாற்றில் சேருமிடம் திருநீர்மலைக்கு அருகே உள்ளது. முடிச்சூர் அதற்கு மேலே, ஆற்றின் வரும் வழியில் இருக்கிறது. முடிச்சூருக்கும் பக்கத்து வரதராஜபுரத்துக்கும் வந்த தண்ணீர் ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகள் நிரம்பிக் கலங்கல் என்னும் உபரிநீர்ப் போக்கு வழியே ஆற்றில் பாய்ந்த தண்ணீர். 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் மட்டும் 49 சென்டிமீட்டர் மழை பதிவானது. சைதாப்பேட்டைக்காரரும் கோட்டூர்புரத்துக்காரரும் செம்பரம்பாக்கத்தின் மீது கோபப்படுவதில் நியாயம் இருக்கலாம். முடிச்சூர் வீட்டை விற்கும் தரகர் அந்த ஏரியைக் காட்டுவது பொருந்தாது. 2021, 2023 மழைக்காலங்களிலும் முடிச்சூர், வரதராஜபுரம் பெயர்கள் செய்திகளில் வந்தன. இடையில் ஆற்றை அகலப்படுத்தியிருக்கிறார்கள், மூடிய பெருவடிகால்களைக் கட்டியிருக்கிறார்கள், ஒரத்தூரில் நீர்த்தேக்கப் பணியையும் எடுத்தார்கள். நிலைமை 2015ஐவிட மேம்பட்டிருக்கிறது என்று சொல்லலாம். ஊர் முழுவதுக்கும் சேர்த்து ஒரே தீர்ப்புச் சொல்ல முடியாது. ஒரே நகரில் முதல் தெருவில் இடுப்பளவு நின்ற தண்ணீர், நான்காம் தெருவில் வாசல்படியோடு திரும்பியிருக்கும்.

அதனால் தெருவைத்தான் படிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் ஒரு நல்ல மழைக்கு மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். வெயில் காலத்தில் போவதாக இருந்தால் சில அடையாளங்கள் இருக்கின்றன. சாலையிலிருந்து வீட்டுக்குள் ஏறிப் போகிறீர்களா, இறங்கிப் போகிறீர்களா என்று பாருங்கள். பழைய தாரைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டதால், கட்டும்போது சாலையைவிட உயரமாக இருந்த வீடுகள் பல இன்று இரண்டு படி கீழே கிடக்கின்றன. மின் மீட்டர் பெட்டி வழக்கமான உயரத்தைவிட மேலே மாட்டப்பட்டு, பழைய பெட்டி இருந்த இடத்தில் சிமெண்ட் பூச்சு வேறு நிறத்தில் தெரிந்தால், அது ஏன் மாறியது என்று கேளுங்கள். சுவரின் கீழ்ப்பகுதியில் ஓர் உயரம் வரை மட்டும் பெயிண்ட் உப்புப் பூத்து உதிர்ந்திருக்கும். அதை மறைக்க அந்த உயரம் வரை புதிதாக ஓடு பதித்திருப்பார்கள். எதிர் வீடும் பக்கத்து வீடும் அண்மையில் கட்டப்பட்டவையாக இருந்தால், அவற்றின் அடித்தளம் உங்கள் வீட்டைவிட எத்தனை அடி உயரம் என்று பார்த்தாலே போதும், அவர்கள் எந்த மட்டத்துக்குப் பயப்படுகிறார்கள் என்பது தெரிந்துவிடும். ஜாக்கி வைத்து வீட்டையே தூக்கிய தெருக்களும் சென்னைப் புறநகரில் உண்டு. தரகரைவிட, தெருமுனையில் துணி தேய்ப்பவரும் பால் போடுபவரும் இந்த விஷயத்தில் சரியான தகவல் தருவார்கள், அவர்களுக்கு இந்த வியாபாரத்தில் கமிஷன் இல்லை.

இதோடு கிராம வரைபடத்தையும், புல எண்ணின் அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் எடுத்து, உங்கள் புல எண்ணை ஒட்டி ஓடை, வாய்க்கால், ஏரிப் புறம்போக்கு என்று குறிக்கப்பட்ட எண்கள் உள்ளனவா என்று பாருங்கள். நேரில் அங்கே வாய்க்கால் தெரியாமல் சாலையோ வீடுகளோ தெரிந்தால், மழைக்காலத்தில் அந்தத் தண்ணீர் எந்த வழியாகப் போகிறது என்ற கேள்விக்கு விடை கிடைக்கும் வரை கையெழுத்திட வேண்டாம்.

கேள்வி: நாங்கள் வாங்கப்போகும் வீட்டுக்கு விற்பவர் பெயரில் தனிப்பட்டா இருக்கிறது. பட்டா இருந்தால் வேறு எதையும் பார்க்க வேண்டாம் என்கிறார்களே?
— வாசகர், பெருங்களத்தூர்

பதில்: பார்க்கத்தான் வேண்டும். பட்டா வருவாய்த் துறையின் பதிவு; உரிமையை நிலைநாட்டுவது பத்திரத் தொடர்ச்சி. பட்டா மட்டுமே உரிமைக்குச் சான்றாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை சொல்லியிருக்கின்றன. எனினும் பத்திரமும் பட்டாவும் பெயரிலோ பரப்பிலோ ஒத்துப்போகவில்லை என்றால், விற்பவர் திருத்திக் கொடுக்கட்டும்.

கேள்வி: வரதராஜபுரத்தில் நாங்கள் பார்த்த வீடு 1996இல் ஒருவர் தம் சொந்தச் சம்பாத்தியத்தில் வாங்கியது. அவர் 2010இல் உயில் எழுதாமல் காலமானார். 2012இல் மனைவியும் இரண்டு மகன்களும் சேர்ந்து வேறொருவருக்கு விற்றிருக்கிறார்கள், அவர்தான் இப்போது எங்களுக்கு விற்கிறார். எல்லாம் பதிவுப் பத்திரங்கள். இதில் குறை இருக்குமா?
— வாசகர், செங்கல்பட்டு

பதில்: பதிவாகியிருப்பதாலேயே சரியாகிவிடாது. இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த ஆணின் சொந்தச் சொத்தில் மனைவி, மகன்கள், மகள்கள், தாயார் ஆகியோருக்குச் சம பங்கு உண்டு. மகள்கள் இருந்தார்களா, 2010இல் அவருடைய தாயார் உயிரோடு இருந்தாரா என்பதே முதல் கேள்வி. திருமணமாகிப் போன மகளின் கையெழுத்தைச் சிலர் விட்டுவிடுகிறார்கள். தாயாரையோ பலருக்கு நினைவிலேயே இருப்பதில்லை. தாயார் அப்போது இருந்து பின்னர் இறந்திருந்தால், அவருடைய பங்கு அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் போகும், அதாவது இறந்தவரின் அண்ணன் தம்பி, அக்காள் தங்கைகளும் உள்ளே வந்துவிடுவார்கள். வாரிசுச் சான்றிதழின் அசலைக் கேட்டு, அதில் உள்ள ஒவ்வொரு பெயரும் 2012 பத்திரத்தில் கையெழுத்திட்டிருக்கிறதா என்று ஒப்பிடுங்கள். விடுபட்டவர் இருந்தால் அவரிடம், தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதி வாங்கித் தரும் பொறுப்பை இப்போது விற்பவர் ஏற்க வேண்டும்.

கேள்வி: கிளாம்பாக்கம் பேருந்து முனையம் வந்துவிட்டதால் முடிச்சூர்ப் பக்கம் விலை இரண்டு மடங்காகும் என்று சொல்லி, இன்றே வாங்கச் சொல்கிறார்கள். அவசரப்படலாமா?
— வாசகர், சேலையூர்

பதில்: முனையம் 2023 டிசம்பர் 30 அன்றே திறக்கப்பட்டுவிட்டது. வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் செல்லும் வெளிவட்டச் சாலையும் அந்த ஊரை ஒட்டியே போகிறது. இவை இரண்டும் இப்போது சொல்லப்படும் விலைக்குள்ளேயே அடங்கியிருக்கின்றன, எனவே அவற்றுக்காக இன்னொரு முறை பணம் கொடுக்க வேண்டாம். விமான நிலையத்திலிருந்து கிளாம்பாக்கம் வரை பேசப்படும் மெட்ரோ நீட்டிப்புக்கும் இப்போதே விலை கொடுக்காதீர்கள். அதற்குப் பதிலாக அன்றாட வாழ்க்கையைப் பாருங்கள். 2021 நவம்பரில் தாம்பரம் மாநகராட்சி அமைந்தபோது முடிச்சூர் அதில் சேர்க்கப்படவில்லை. எனவே குடிநீர், கழிவுநீர், குப்பை ஆகிய மூன்றும் அந்தத் தெருவில் எப்படி நடக்கின்றன, கழிவுநீர்த் தொட்டிக்கு லாரி எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை விசாரியுங்கள்.

கேள்வி: பத்திரத்தில் தொகையைக் குறைத்துக் காட்டினால் இருவருக்கும் லாபம் என்று 72 லட்சத்தில் ஒரு பகுதியை ரொக்கமாகக் கேட்கிறார் விற்பவர். முன்பணம் எவ்வளவு கொடுக்கலாம்?
— கும்பகோணம் வாசகி

பதில்: 72 லட்சத்தையும் பத்திரத்தில் காட்டினால் முத்திரைத் தீர்வை 7 விழுக்காடும் பதிவுக் கட்டணம் 2 விழுக்காடும் சேர்த்து 6 லட்சத்து 48 ஆயிரம் ஆகும். குறைத்துக் காட்டினால் அதில் ஒரு பகுதி மிஞ்சும் என்பது உண்மைதான். ஆனால் வங்கி காட்டிய தொகையை வைத்துத்தான் கடன் கொடுக்கும். உங்கள் மகன் பிற்காலத்தில் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால், மூலதன ஆதாய வரியும் அவர் தலையில்தான் கூடும். இந்த வியாபாரத்தில் விற்பவருக்கு லாபம் இருக்கிறது, உங்களுக்கு இல்லை. மேலும் வீட்டுக்கான முன்பணமாக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகப் பெறுவதை வருமான வரிச் சட்டம் தடுக்கிறது. விலை 50 லட்சத்தை எட்டுவதால், விற்பவருக்குக் கொடுக்கும் தொகையில் 1 விழுக்காடு, அதாவது 72,000 ரூபாய், வரியாகப் பிடித்து நீங்களே அரசுக்குச் செலுத்த வேண்டும். விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவராக இருந்தால் இந்த 1 விழுக்காடு பொருந்தாது, கூடுதலாகப் பிடிக்க வேண்டியிருக்கும். அதைப் பட்டயக் கணக்காளரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

வங்கியின் ரசீது ஆவணம் பதிவாகும் வரை பெரிய முன்பணம் எதுவும் வேண்டாம். அது பதிவானதும் காசோலையாக 10 விழுக்காட்டுக்கு மிகாமல் கொடுத்து, விற்பனை ஒப்பந்தத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துகொள்ளுங்கள். மேலே சொன்ன குறைகளில் எதையெதை எந்தத் தேதிக்குள் விற்பவர் தீர்த்துத் தர வேண்டும், தீர்க்காவிட்டால் முன்பணத்தை எத்தனை நாளில் திருப்ப வேண்டும் என்பதையும் அந்த ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்.